நல்லாட்சியும் ஆளும் உரிமையும்: மெக்சிகோவில் மாக்சிமிலியன் ஆட்சியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஆட்சியாளனை மதிப்பிடுவதற்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. அவன் எவ்வாறு ஆள்கிறான் என்பது ஒன்று. அவன் எந்த உரிமையால் ஆள்கிறான் என்பது மற்றொன்று. திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் 55, 56ஆம் அதிகாரங்கள் முதல் அளவுகோலைக் கொண்டே அரசனை எடைபோடுகின்றன. அரசன் குடிகளுக்கு உரியவன் என்பது அங்கு முன்கொள்ளப்பட்டுவிட்டமையால், அவன் அரியணைக்கு வந்த வழி வினாவாக எழவில்லை. குடிகளோடு எத்தொடர்பும் இல்லாத ஒருவனை வேற்றுநாட்டுப் படை கொண்டுவந்து அமர்த்தும்போது இரண்டாம் அளவுகோலும் இன்றியமையாததாகிறது. அவன் கொடியவனாயின் சிக்கல் இல்லை. இரண்டு அளவுகோல்களும் ஒரே தீர்ப்பையே தரும். அவன் நல்லெண்ணம் உடையவனாக இருந்து, சில துறைகளில் நாட்டினரின் சொந்த அரசைக் காட்டிலும் நல்ல சட்டங்களையும் இயற்றினால், அந்நன்மை அவனது வருகையின் குற்றத்தை நீக்குமா? மூன்றாம் நெப்போலியனின் படைவலியால் 1864 முதல் 1867 வரை மெக்சிகோவின் பேரரசராக விளங்கிய ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனின் ஆட்சியைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலையீட்டின் தோற்றம்

மெக்சிகோவில் 1857ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஏற்ற தாராளவாதிகளுக்கும், திருச்சபையின் சொத்துரிமையையும் சிறப்புரிமைகளையும் காக்க விரும்பிய பழமைவாதிகளுக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போர் 1860ஆம் ஆண்டின் இறுதியில் தாராளவாதிகளின் வெற்றியோடு முடிவுற்றது. வாஹாக்கா மாநிலத்தின் சப்போட்டெக் பழங்குடியில் தோன்றிய பெனிட்டோ ஹுவாரெஸ் 1861 சனவரியில் தலைநகர் திரும்பினார். கருவூலம் வறண்டிருந்தது. அவ்வாண்டு ஜூலை 17ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களுக்கான தவணைகளை இரண்டாண்டுக் காலம் நிறுத்திவைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கடன்கொடுத்த நாடுகளாகிய பிரிட்டன், ஸ்பெயின், பிரான்சு ஆகிய மூன்றும் 1861 அக்டோபர் 31 அன்று இலண்டனில் கூடி, கூட்டாகப் படையனுப்ப உடன்பாடு செய்துகொண்டன.

அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு இவ்வாய்வுக்கு முதன்மையான சான்றாகும். மெக்சிகோவின் நிலப்பரப்பில் எதனையும் தமக்கெனக் கவர்ந்துகொள்வதில்லை என்றும், தனக்குரிய அரசமைப்பைத் தடையின்றித் தேர்ந்துகொள்ள மெக்சிகோ மக்களுக்குள்ள உரிமைக்கு ஊறு விளைவிப்பதில்லை என்றும் மூன்று அரசுகளும் அப்பிரிவில் உறுதி கூறின. அவ்வுரிமை எத்தகையது என்பதைப் பிரான்சு அறியாமல் மீறவில்லை என்பதற்கு அதன் கையொப்பமே சான்று.

கடன் என்பது வெளிக்காரணமாகவே இருந்தது. மூன்று நாடுகளுள் பிரான்சுக்கு முறையாகச் சேரவேண்டிய தொகையே மிகக் குறைவு. அதனோடு, யெக்கர் என்னும் சுவிட்சர்லாந்து வங்கியாளர் பழமைவாத அரசிடம் பெற்ற கடன்பத்திரங்களின் முழுமதிப்பையும் பிரான்சு தன் கோரிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஒன்றரைக் கோடி பெசோ என முகமதிப்பிடப்பட்ட அப்பத்திரங்களுக்காக அவர் உண்மையில் பணமாகக் கொடுத்தது அதில் மிகச் சிறு பகுதியே. நெப்போலியனின் ஒருதாய் வயிற்றுச் சகோதரர் மோர்னி பிரபுவுக்கு இதில் ஆதாய நோக்கம் இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த காலம் அது. அமெரிக்கக் கண்டத்தில் பிரான்சின் செல்வாக்குக்குட்பட்ட ஒரு கத்தோலிக்க முடியாட்சியை நிறுவ ஏற்ற தருணம் எனப் பேரரசர் கருதினார். இதனை உணர்ந்த பிரிட்டனும் ஸ்பெயினும் 1862 ஏப்ரலில் விலகிக்கொண்டன. பிரெஞ்சுப் படை மட்டும் உள்நாடு நோக்கி முன்னேறியது. மே 5 அன்று பூயெப்லா நகரில் இக்னாசியோ சரகோசாவின் படையிடம் அது தோல்வியுற்றது. மேலும் படைகள் வந்துசேர்ந்தபின், 1863 ஜூனில் தலைநகர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஹுவாரெஸ் தம் அரசை வடக்கு நோக்கி நகர்த்திச் சென்றார்.

புனையப்பட்ட இசைவு

தலைநகரைக் கைப்பற்றிய தளபதி ஃபோரே 35 பேர் கொண்ட மேற்குழு ஒன்றை அமர்த்தினார். அதன்வழி 215 பேர் கொண்ட பெருமக்கள் அவை உருவாக்கப்பட்டது. 1863 ஜூலை 10 அன்று, மெக்சிகோ மரபுவழி முடியாட்சியாக இருக்கும் என்றும், முடி மாக்சிமிலியனுக்கு அளிக்கப்படும் என்றும் அவ்வவை அறிவித்தது. அவர் ஏற்க மறுப்பின் வேறொரு கத்தோலிக்க இளவரசரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு மூன்றாம் நெப்போலியனுக்கே விடப்பட்டது. ஒரு நாட்டின் பெயரால் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட அவை, அந்நாட்டின் அரசனைத் தெரிவுசெய்யும் உரிமையை வேற்றுநாட்டு மன்னனிடம் ஒப்படைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தெரிவு செய்தது யார் என்பதை அத்தீர்மானமே வெளிப்படுத்திவிடுகிறது.

1863 அக்டோபர் 3 அன்று தூதுக்குழு ஒன்று திரியெஸ்ட் நகருக்கு அருகிலிருந்த மிராமார் மாளிகையில் மாக்சிமிலியனைக் கண்டு முடியை ஏற்குமாறு வேண்டியது. தலைநகர் மட்டுமன்றி நாடு முழுவதும் தம்மை விரும்புகிறது என்பது தெளிவானாலன்றித் தம்மால் ஏற்கவியலாது என்று அவர் விடையிறுத்தார். இவ்விடை அவரது மனச்சான்றைக் காட்டுகிறது. மக்கள் இசைவின்றி ஆளும் உரிமை இல்லை என்பதை அவர் தாமே ஒப்புக்கொண்டார். இதனை நிறைவேற்றும் பொருட்டுப் பிரெஞ்சுப் படை நுழைந்த ஊர்களிலெல்லாம் இசைவுப் பத்திரங்கள் திரட்டப்பட்டன. துப்பாக்கி ஏந்திய படை ஊரில் நிற்கும்போது பெறப்பட்ட கையொப்பம் எத்தகையது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. படை சென்றடையாத பகுதிகள் எவ்வகையிலும் கேட்கப்படவில்லை. அப்பத்திரங்களைக் கண்ட மாக்சிமிலியன் தம் நிபந்தனை நிறைவேறியதாக ஏற்று, 1864 ஏப்ரல் 10 அன்று முடியை ஒப்புக்கொண்டார்.

அறியாமையால் தவறுவோன் ஒருவன். அறிந்து தவறுவோன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையே மூன்றாம் வகையினன் ஒருவன் உண்டு. கேட்க வேண்டிய வினாவை அவன் கேட்கிறான். விரும்பிய விடை கிடைத்ததும் அதன் உண்மையை ஆராயாமல் நின்றுவிடுகிறான். மாக்சிமிலியன் இவ்வகையினர். ஆராய்வதற்கான பட்டறிவும் அவருக்கு இருந்தது. 1857 முதல் 1859 வரை ஆஸ்திரியாவின் ஆளுகைக்குட்பட்ட லொம்பார்டி-வெனீசியாவின் ஆளுநராக இருந்து இத்தாலியரிடம் மென்மையோடு நடந்துகொண்டவர் அவர். அம்மென்மை இத்தாலியரின் விடுதலை வேட்கையைத் தணிக்கவில்லை என்பதை அவர் நேரில் கண்டிருந்தார்.

முடியேற்ற அதே நாளில் கையொப்பமான மிராமார் ஒப்பந்தம் இவ்வாட்சியின் இயல்பை மேலும் தெளிவாக்குகிறது. 1864 ஜூலை 1 வரையிலான படையெடுப்புச் செலவாக 27 கோடி பிராங்கை மெக்சிகோ பிரான்சுக்குத் தரவேண்டும். அதன்பின் ஒவ்வொரு பிரெஞ்சு வீரனுக்கும் ஆண்டுக்கு 1,000 பிராங்கு தரவேண்டும். இருநாட்டுப் படைகளும் சேர்ந்து செல்லும் இடங்களில் தலைமை பிரெஞ்சு அதிகாரிக்கே உரியது. தம்மைத் தாக்கி வென்ற செலவைத் தாக்கப்பட்ட மக்களே ஏற்கவேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு அம்மக்களின் பெயரால் அவர்தம் புதிய பேரரசர் கையொப்பமிட்டார். மெக்சிகோ மண்ணில் கால்வைப்பதற்கு முன்பே நிகழ்ந்தது இது.

சீர்திருத்தங்களின் அறமதிப்பு

மாக்சிமிலியனும் அரசி கார்லோட்டாவும் 1864 மே 28 அன்று வெராக்ரூஸ் துறைமுகம் வந்தடைந்தனர். அதன்பின் அவர் மேற்கொண்ட செயல்கள் அவரை வரவழைத்த பழமைவாதிகளுக்கே அதிர்ச்சியளித்தன. பறிமுதலான திருச்சபைச் சொத்துகளை மீட்டளிக்க அவர் மறுத்தார். சமய உரிமையை ஏற்றார். அதனால் போப்பாண்டவரின் தூதரோடு முரண்பாடு ஏற்பட்டது. ஏழை மக்களின் முறையீடுகளைக் கேட்பதற்கென 1865 ஏப்ரலில் ஒரு காப்புக்குழுவை அமைத்து, நாவாட்டில் மொழியறிஞர் ஃபாவுஸ்தினோ கலீசியா சிமால்போபோக்காவை அதன் தலைவராக்கினார். 1865 நவம்பர் 1 ஆணை பண்ணையாட்களின் வேலைநேரத்தை வரையறுத்தது. உடலை வருத்தும் தண்டனையைத் தடைசெய்தது. கடனைக் காட்டி ஆட்களைப் பிணைக்கும் வழக்கத்துக்கு வரம்பு கட்டியது. ஊர்ப் பொதுநிலங்கள் பற்றி 1866 ஜூன் 26 அன்றும், நிலமற்ற ஊர்களுக்கு நிலம் வழங்குவது பற்றிச் செப்டம்பர் 16 அன்றும் சட்டங்கள் வந்தன. ஸ்பானிய மொழியோடு நாவாட்டில் மொழியிலும் அரசாணைகள் வெளியிடப்பட்டன.

இவற்றைப் பொய்த்தோற்றம் என ஒதுக்குவது நேர்மையான ஆய்வாகாது. தாராளவாதிகள் 1856இல் கொண்டுவந்த லெர்தோ சட்டம் திருச்சபை நிலங்களோடு பழங்குடி ஊர்களின் பொதுநிலங்களையும் தனியுடைமையாக்க வழிசெய்தது. அதனால் பல ஊர்கள் நிலமிழந்தன. நிலவுரிமை என்னும் ஒன்றை மட்டும் நோக்கின், பழங்குடியில் பிறந்த குடியரசுத் தலைவரின் கட்சியைக் காட்டிலும் ஹாப்ஸ்பர்க் குடியில் பிறந்த பேரரசரின் சட்டம் பழங்குடியினர்க்கு நன்மை பயப்பதாக இருந்தது. முதல் அளவுகோலை மட்டும் கைக்கொள்வோர் இவ்விடத்தில் மாக்சிமிலியனின் பக்கம் சாய நேரும்.

எனினும் அச்சட்டங்களின் கதி எண்ணத்தக்கது. நிலச் சட்டங்கள் வந்த காலத்தில் பிரெஞ்சுப் படை வெளியேறும் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அவற்றை நிறைவேற்றும் ஆற்றல் பேரரசிடம் இல்லை. அயலார் படையை ஊன்றி நிற்கும் ஆட்சி, தான் விரும்பிய நன்மையைச் செய்வதற்கும் அயலாரின் விருப்பத்தையே சார்ந்திருக்கிறது. அதே ஆட்சியிலிருந்து 1865 செப்டம்பர் 5 ஆணையும் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார் மெக்சிகோவில் குடியேறவும், கறுப்பினத் தொழிலாளரை ஐந்தாண்டுக்குக் குறையாத ஒப்பந்தத்தால் பிணைத்து உடன்கொணரவும் அது இடமளித்தது. அடிமைமுறையை நீக்கிவிட்ட ஒரு நாட்டில் அதன் சாயல் மீண்டும் நுழைய வழிசெய்த இவ்வாணையையும், பண்ணையாட்களைக் காத்த நவம்பர் ஆணையையும் இரண்டு மாத இடைவெளிக்குள் ஒரே கை பிறப்பித்தது. அதனைத் தடுக்கவோ இதனைக் காக்கவோ மக்களுக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. கொடையாக வரும் நன்மையைக் கொடுத்தவரே எடுத்துக்கொள்ளலாம். லெர்தோ சட்டம் தீங்கானது எனினும், அதனை எதிர்த்து வாதிடவும் மாற்றவும் உரிய ஓர் அரசியலமைப்பு மக்கள் பெயரால் நின்றது. திருத்தவல்ல தீமைக்கும், உரிமையாக நிலைபெறாத நன்மைக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடே இரண்டாம் அளவுகோலின் அடிப்படையாகும்.

கறுப்பு ஆணை

நல்லெண்ணம் உடைய ஆட்சியாளன் மக்கள் இசைவின்றி ஆள நேரும்போது எந்நிலையை அடைவான் என்பதை 1865 அக்டோபர் 3 ஆணை காட்டுகிறது. ஹுவாரெஸ் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார் எனக் கூறி, இனி எதிர்த்துப் போரிடுவோர் படைவீரர் அல்லர், கொள்ளையரே என அது அறிவித்தது. ஆயுதக் கூட்டத்தைச் சேர்ந்தவராகப் பிடிபடுவோர் 24 மணி நேரத்துக்குள் கொல்லப்பட வேண்டும் என்பது அதன் விதி. ஹுவாரெஸ் எல்லையூராகிய பாசோ தெல் நோர்த்தேவில், மெக்சிகோ மண்ணிலேயே இருந்தார். அம்மாதம் 21ஆம் நாள் ஹோசே மரியா ஆர்த்தேயாகா, கார்லோஸ் சலசார் என்னும் குடியரசுத் தளபதிகள் இருவரும் அவரோடு பிடிபட்ட சிலரும் உருவாப்பன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இவ்வாணையைத் தனிமனிதக் கொடுமையாகக் காண்பது போதாது. தன் நாட்டைக் காப்பதற்காகப் போரிடுபவன் கொள்ளையன் எனப்பட்டான். கடல்கடந்து வந்த படை சட்டத்தின் காவல் எனப்பட்டது. இவ்வாறு சொற்களைத் தலைகீழாக்கினாலன்றி அயலார் நிறுவிய அரசு தன்னை அரசென்று சொல்லிக்கொள்ள இயலாது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் தொலோரெஸ் ஊருக்குச் சென்று, 1810இல் அங்கு எழுந்த விடுதலை முழக்கத்தின் நினைவு நாளைக் கொண்டாடியவரும் இதே மாக்சிமிலியனே. விடுதலை வீரர்களை நினைவில் போற்றவும், வாழும் காலத்தில் கொல்லவும் ஒரே மனிதர்க்கு நேர்ந்ததற்கு அவரது குணம் காரணமன்று. அவர் ஏற்றுக்கொண்ட இடமே காரணமாகும்.

எதிர்வாதங்கள்

இம்முடிவுக்கு எதிராக மூன்று வாதங்கள் கூறப்படலாம். மெக்சிகோ மக்களுள் ஒரு பகுதியினரே முடியாட்சியை வேண்டினர். ஆகவே இது படையெடுப்பன்று, அழைப்பை ஏற்ற உதவி என்பது முதல் வாதம். மிராமோன் போன்ற பழமைவாதத் தளபதிகள் மட்டுமன்றி, மலைநாட்டுப் பழங்குடித் தலைவர் தோமாஸ் மெஹியாவும் பேரரசின் பக்கம் நின்றார். இவர்தம் பற்று உண்மையானது. எனினும் உள்நாட்டுப் போரில் தோற்ற ஒரு கட்சி, நாட்டின் பெயரால் அயற்படையை அழைக்கும் உரிமை உடையதன்று. இம்மானுவேல் கான்ட் 1795இல் எழுதிய நிலைத்த அமைதி பற்றிய நூலில், ஒரு நாட்டின் அமைப்பிலும் ஆட்சியிலும் பிற நாடு வலிந்து தலையிடலாகாது என்பதைத் தனி விதியாகவே வகுத்தார். உட்பூசல் கொண்ட மக்கள் தம் நோயைத் தாமே தீர்க்க முயலும்போது தலையிடுவது அவர்தம் உரிமையை மீறுவதாகும் என்பது அவர் கருத்து. மெக்சிகோவிலோ பூசல் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

தன்னைத்தானே ஆளும் தகுதி பெறாத மக்களை நல்வழிப்படுத்துவது அறம் என்பது இரண்டாம் வாதம். தலையிடாமை குறித்து 1859 டிசம்பரில் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், அயலார் கையால் பெறும் விடுதலை நிலைக்காது என வலியுறுத்தினார். ஆயினும் நாகரிகமடையாத மக்கள் எனத் தாம் கருதியோரை அவ்விதிக்குப் புறம்பாக வைத்தார். 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றிய அவர்க்கு இந்தியா அவ்விலக்குக்கு உரிய எடுத்துக்காட்டாக இருந்தது. மெக்சிகோவை ஒழுங்கற்ற நாடென வருணித்த ஐரோப்பியர் அவ்விலக்கின் வாயிலிலேயே நுழைந்தனர். தகுதியை அளப்பவரே ஆதாயம் பெறுபவராகவும் இருக்கும்போது அவ்வளவீடு நடுவுநிலைமை உடையதாகாது. யெக்கர் பத்திரங்கள் இதற்குப் போதிய சான்று.

ஹுவாரெசின் உரிமையும் ஐயத்துக்குரியதே என்பது மூன்றாம் வாதம். இதுவே மூன்றனுள் வலியது. அவரது பதவிக்காலம் 1865ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்றது. போர்க்காலத்தில் தேர்தல் நடத்த இயலாது என்று கூறி, அவ்வாண்டு நவம்பர் 8 ஆணையால் அவர் அதனைத் தாமே நீட்டித்துக்கொண்டார். பதவி தமக்கு உரியதென உச்சநீதிமன்றத் தலைவர் கொன்சாலெஸ் ஒர்த்தேகா மறுத்துரைத்தார். இக்குறை மறைக்கத்தக்கதன்று. ஆனால் அதனைக் குறையெனச் சுட்டுவதற்கு உரிய சட்டம் மெக்சிகோவின் சொந்தச் சட்டம்; சுட்டியவர் மெக்சிகோவின் குடிமகன்; போர் முடிந்த 1867ஆம் ஆண்டிலேயே ஹுவாரெஸ் தேர்தலைச் சந்தித்தார். ஓர் உரிமையில் பழுது இருப்பதும், உரிமையே இல்லாதிருப்பதும் ஒன்றாகா.

தண்டனை பற்றிய வினா

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றதும், ஐரோப்பாவில் பிரஷ்யாவின் வலிமை பெருகியதும் நெப்போலியனின் கணக்கை மாற்றின. மிராமார் ஒப்பந்தம் அயல்படையணிகளை ஆறாண்டுகள் வைத்திருப்பதாக உறுதி கூறியிருந்தும், 1867 மார்ச்சில் கடைசிப் பிரெஞ்சு வீரர்கள் வெராக்ரூசிலிருந்து கப்பலேறினர். அமர்த்தியவரே கைவிட்டபின்னும் மாக்சிமிலியன் தம்மைப் பின்பற்றியோரை விட்டு நீங்கவில்லை. கெரேத்தாரோ நகரில் முற்றுகையுண்டு, மே 15 அன்று பிடிபட்டார். 1862 சனவரி 25 சட்டத்தின்படி படை நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1867 ஜூன் 19 அன்று மிராமோன், மெஹியா ஆகியோரோடு அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் குற்றவாளி என்பதும், அவரைக் கொல்லவேண்டும் என்பதும் தனித்தனியே நிறுவப்படவேண்டிய இரு கூற்றுகளாகும். அரசியல் குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கிய 1857 அரசியலமைப்பின் 23ஆம் பிரிவை அவர்தம் வழக்கறிஞர்கள் எடுத்துரைத்தனர். அப்பிரிவோ அயல்நாட்டுப் போரில் தாய்நாட்டுக்கு இரண்டகம் செய்வோனை அச்சலுகையிலிருந்து விலக்கியிருந்தது. ஆனால் மெக்சிகோவைத் தாய்நாடாக உடையவனே அதற்கு இரண்டகம் செய்யவியலும். இவ்விலக்கு மிராமோனுக்கும் மெஹியாவுக்கும் பொருந்துமளவுக்கு ஆஸ்திரியராகிய மாக்சிமிலியனுக்குப் பொருந்துவதாயில்லை. குடியரசின் மீது பற்றுக் கொண்ட கரிபால்டியும் விக்டர் ஹியூகோவும் உயிர்ப்பிச்சை வேண்டினர். ஹியூகோவின் மடல் எழுதப்பட்ட நாள் ஜூன் 20. ஹுவாரெஸ் இணங்கவில்லை. உயிரோடு திரும்பும் பேரரசர் மற்றொரு படையெடுப்புக்குக் கொடியாவார் என்னும் அச்சமும், அரசகுலத்தாரும் பிறரும் சட்டத்தின் முன் ஒன்றே என்பதை நிறுவும் கடமையும் அம்மறுப்புக்கு அடிப்படைகள். இவற்றுள் இரண்டாவது வலியது. எளிய வீரர்களைக் கொல்ல ஆணையிட்டவரைக் குலத்தின் பொருட்டு விடுவிப்பது முறையன்று. எனினும் அக்காரணம் தண்டனையை நிறுவுகிறதேயன்றி உயிர்பறித்தலை நிறுவவில்லை. குற்றம் குறித்த தீர்ப்பு உறுதியாக நிற்பதற்கு அவரது மரணம் தேவைப்படவில்லை. ஆட்சி ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது. மிகப் பெரிய குற்றவாளியோ பாரிசில் அரியணையிலேயே இருந்தான்.

முடிவுரை

மாக்சிமிலியனின் ஆட்சி மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. முதலாவது, மக்கள் இசைவின் தேவையை அவரும் அவரை அமர்த்தியோரும் அறிந்திருந்தனர்; இலண்டன் உடன்படிக்கையும் இசைவுப் பத்திரங்களும் அதற்குச் சான்று. இரண்டாவது, அவர்தம் சீர்திருத்தங்களுள் சில உண்மையான நன்மைகள். எனினும் மக்கள் தம் உரிமையாகக் கேட்டுப் பெறவும் காத்துக்கொள்ளவும் இயலாத நன்மை, படை விலகும் நாளில் தானும் விலகிவிடுகிறது. மூன்றாவது, இசைவின்மையைப் படையால் நிரப்பும் ஆட்சி, ஆள்பவன் மெல்லியல்பினனாயினும் கறுப்பு ஆணைக்கே வந்துசேர்கிறது.

ஆகவே செங்கோன்மை என்னும் முதல் அளவுகோல் இரண்டாம் அளவுகோலின் இடத்தை நிரப்பாது என்பது தெளிவு. அதே வேளையில் இரண்டாம் அளவுகோலும் முதலாவதன் இடத்தை நிரப்புவதில்லை. 1867 ஜூலை 15 அன்று தலைநகர் மீண்ட ஹுவாரெஸ், தனிமனிதரிடையே போன்று நாடுகளிடையேயும் பிறர் உரிமையை மதிப்பதே அமைதி என அறிவித்தார். அவ்வறிக்கை மெக்சிகோவுக்கு வெளியே இருந்தோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. லெர்தோ சட்டத்தால் நிலமிழந்த ஊர்களின் உரிமை அவ்வறத்துக்குள் அன்று இடம்பெறவில்லை. அக்கணக்கு 1910இல் தொடங்கிய புரட்சியில் மெக்சிகோ மக்களாலேயே மீண்டும் எடுக்கப்பட்டது. அதனை எடுக்கும் உரிமை அவர்களுக்கே உரியதாக எஞ்சியிருந்தமைதான் 1867ஆம் ஆண்டு வெற்றியின் பயன் எனலாம்.